மாத்திரையை விட்டால் மறைக்காதீர்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நெதர்லாந்தின் மழை பழகிவிட்டது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கவும் கால்கள் பழகிவிட்டன. என் வேலையைப் பற்றி ஃபோனில் அரைகுறையாகத்தான் பேசுகிறோம். இதயத்தில் உலோக வால்வு வைத்து, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு ரொம்ப வேண்டிய விஷயம் என்பதால் இந்தத் தடவை விவரமாக எழுதுகிறேன்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கவனிப்பதற்கென்றே இங்கே தனி நிலையங்கள் இருக்கின்றன. த்ரோம்போசெடீன்ஸ்ட் என்பார்கள். முதலாவது 1949-இல் உத்ரெக்ட் நகரத்தில் தொடங்கியது. அப்படி ஒரு நிலையத்தில்தான் எனக்கு நர்ஸ் வேலை. வெளியே வர முடியாத வயதானவர்களின் வீட்டுக்குக் காலையில் போய், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தால் சற்று நேரத்தில் ஐ.என்.ஆர். தெரிந்துவிடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண் அது; ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் கட்டி சேரும் என்று பயம். அதைப் பார்த்து, எந்த நாளைக்கு எத்தனை மாத்திரை என்று நிலையத்திலிருந்து அன்றைக்கே ஒரு நாட்காட்டி போட்டு அனுப்புவார்கள். மாத்திரையை ராத்திரி சாப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான். காலை முடிவைப் பார்த்து அன்றைய அளவையே மாற்றிக்கொள்ளலாம். அளவு நிலையாக இருப்பவர்களுக்கும் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை.

உங்கள் அசிட்ரோம் மாத்திரையில் இருக்கிற அசினோகுமரால் என்ற மருந்துதான் இங்கேயும் பலருக்கு. ஆனால் இங்கே 1 மி.கி. மாத்திரை மட்டுமே. இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று எண்ணிப் போட்டால் போதும். உங்களிடம் 1 மி.கி., 2 மி.கி. என்று இரண்டு அட்டைகள் கிடக்கின்றன. அம்மாவிடம் சொல்லி இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் கற்றுக்கொடுத்தது, மாத்திரை விட்டுப்போனதா என்று திட்டாமல் கேட்பது எப்படி என்பதைத்தான். ஒருவர் இரண்டு நாள் மாத்திரையை மறந்துவிட்டார் என்று வையுங்கள். அசினோகுமரால் உடம்பில் வெகுநேரம் தங்குகிற மருந்து இல்லை. ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் ஐ.என்.ஆர். சீக்கிரமே இறங்கிவிடும். கேட்டால் திட்டு விழுமோ என்று பயந்து, "ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன்" என்கிறார். மருத்துவர் என்ன செய்வார்? இந்த அளவு போதவில்லை என்று கூட்டிவிடுவார். அதன் பிறகு அவர் கூட்டிய அளவை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். எல்லை தாண்டிப் போய்விடும். மறந்ததைவிட மறைத்ததுதான் ஆபத்து, அப்பா. போன பரிசோதனைக்கு முன்னால் நீங்கள் இரண்டு நாள் விட்டதை அம்மா என்னிடம் சொன்னாள். எனக்குக் கோபமே இல்லை. டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

ராத்திரி மறந்து, படுப்பதற்குள் ஞாபகம் வந்தால் அப்போதே போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் விட்டது விட்டதுதான். இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போடவே கூடாது. விட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

கீரையை அடியோடு நிறுத்திவிட்டீர்களாமே? அது தேவையில்லை. கீரையில் இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் தொல்லை.

மற்ற மருந்துகளில்தான் எனக்குப் பயம் அதிகம். சில ஆன்டிபயாடிக், வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மைகோனசோல் ஜெல் எல்லாம் ஐ.என்.ஆரை வேகமாக ஏற்றிவிடும். முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பாடு இறங்கவில்லை என்றாலும் ஐ.என்.ஆர். மாறும். இங்கே இந்த மாதிரி மருந்து கொடுத்தால் மருந்துக்கடைக்காரரே எங்களுக்குத் தகவல் சொல்லிவிடுவார். அங்கே அப்படிச் சொல்ல ஆள் இல்லை என்றால், நீங்களே கடையில் "நான் ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை வந்திருப்பதாக யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வந்திருப்பது நிஜம்தான். இங்கேயும் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் உங்களைப் போல உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது ஆகாது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டபிகட்ரானை அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக் கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு அசிட்ரோமும் ரத்தப் பரிசோதனையும்தான், அப்பா. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உங்கள் வால்வுக்கு டாக்டர் குறித்த ஐ.என்.ஆர். எல்லை 2.5 முதல் 3.5. கடைசியாக எடுத்த ஐ.என்.ஆர். எண்களை, தேதியோடும் அன்றைக்குப் போட்ட மாத்திரை அளவோடும் ஒரு தாளில் எழுதி, தம்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் மகள்