எந்தக் கோடு எங்கே என்று எழுதி வைத்திருக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் புலி, வரிக்குதிரை பற்றிய கட்டுரை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால், ஒவ்வொரு கோடும் எங்கே விழ வேண்டும் என்பது மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அதை அப்படியே விட மனம் வரவில்லை.

அப்படி எழுதியிருந்தால், உடம்பு வளர வளர, பலூனில் கிறுக்கிய கோடு ஊதும்போது அகல்கிற மாதிரி கோடுகளும் அகன்றுகொண்டே போக வேண்டும். கடலில் வாழும் ஏஞ்சல் மீனில் அது நடப்பதில்லை. ஜப்பானின் ஷிகெரு கோண்டோவும் ரிஹிட்டோ அசாயும் 1995இல் ‘நேச்சர்’ இதழில் இதைக் காட்டினார்கள். ஒரு வகை ஏஞ்சல் மீன், 2 செ.மீ.க்கும் குறைவான குஞ்சாக இருக்கையில் மூன்றே கோடுகள்தான். 4 செ.மீ. ஆனதும் அவற்றின் நடுவே மெல்லிசாகப் புதுக்கோடு கிளம்பி, பிறகு தடிக்கிறது. 8, 9 செ.மீ. ஆகும்போது மறுபடி அதே கதை. உடம்பு இரட்டித்தாலும் கோடுகளின் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எம்பரர் ஏஞ்சல் இன்னும் வேடிக்கை. அதில் கோடு கிளை பிரியும் கவடு, உடம்பின் மேலேயே நகர்ந்து நகர்ந்து, ஒற்றைக் கோட்டை இரண்டாக்கிவிடுகிறது.

இதற்கான கணக்கை 1952லேயே போட்டவர், கணினிக்காக நாம் அறிந்த ஆலன் டூரிங். ஒரு வேதிப்பொருள் தன்னையும் தன் எதிரியான இன்னொன்றையும் பெருக்கும். எதிரி அதை அடக்கும். எதிரி வேகமாகப் பரவினால், நிறம் ஓரிடத்தில் கூடி, சற்றுத் தள்ளி ஒடுங்கி, அதற்கப்பால் மீண்டும் கூடும். இந்தக் கணக்கின் விதியில் இருப்பது இடைவெளிதான், இடம் அல்ல. அப்புறம் உடம்பில் கோடு போட்ட சின்ன மீனான ஸீப்ரா மீனை ஆராய்ந்தபோது, நிறச் செல்களே ஒன்றையொன்று விரட்டியும் தாங்கியும் இந்த வேலையைச் செய்வது தெரிந்தது. வேதிப்பொருளுக்குப் பதில் செல்கள், கணக்கு அதேதான்.

சரி, எல்லாக் கோட்டையும் டூரிங் தலையில் கட்டவும் கூடாது. பழ ஈயின் கருவில் தோன்றும் ஏழு பட்டைகளைப் பார்த்தால் அச்சு அசல் அவர் கணக்கு மாதிரியே இருக்கும். ஆனால் அங்கே பல பட்டைகளுக்குத் தனித்தனியே, அந்தப் பட்டையைத் தோன்றவைக்கும் டி.என்.ஏ. துண்டு, அதாவது சுவிட்சு, இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் சொன்னது ஈக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ஏஞ்சல் மீனுக்குப் பொருந்தாது.

மரபணுவுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் உள்ள கரும்புலிகளை பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு ஆராய்ந்து 2021இல் வெளியிட்டது. ஒரே மரபணுவில், ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதற்கே உடம்பு முழுக்கக் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு கோட்டுக்கு ஒரு குறிப்பு என்று இருந்தால் ஒரு கோடுதானே மாறியிருக்கும்?

அடுத்த முறை வண்ணப் பக்கம் கிடைத்தால், 2 செ.மீ. ஏஞ்சல் குஞ்சையும் 8 செ.மீ. மீனையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பிள்ளைகளே கோடுகளை எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்