புத்தாக்கப் போட்டி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: பதக்கம் குடுங்க, ஆனா பெட்டிய தொறந்து காட்டச் சொல்லாதீங்க

பினாங்குல வருஷா வருஷம் நம்ம பிள்ளைங்களுக்கு புத்தாக்கப் போட்டி வைக்கிற ஏற்பாட்டுக் குழுக்களுக்கும், நடுவரா வந்து உக்கார்ற ஐயாமார் அம்மாமாருக்கும் வணக்கம்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நீங்க மேடையில மைக்க புடிச்சு தங்கப் பதக்கத்த கழுத்துல போட்டு "தம்பிங்களா, இத உடனே பேட்டன்ட் பண்ணுங்க"ன்னு சொல்றீங்க பாருங்க, அந்த நேரத்துக்கு அந்த பேட்டன்ட்ல, அதாவது கண்டுபிடிப்புக்கு கெடைக்கிற தனி உரிமையில, பாதி ஏற்கனவே கைய விட்டுப் போயிருக்கும், போக வச்சது நீங்க நடத்துன கண்காட்சியேதான். உங்க மனசு நல்ல மனசுன்னு தெரியும், ஸ்பான்சர் தேடி ஹால் புடிச்சு சாப்பாடு போட்டு நடத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல. இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

நான் பாயான் லெப்பாஸ்ல கனெக்டருக்கும் டெஸ்ட் சாக்கெட்டுக்கும் டூலிங் பண்ற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்கறவன். வக்கீலும் இல்ல, பேட்டன்ட் ஏஜென்ட்டும் இல்ல. கஸ்டமர் கொண்டு வர்ற டிராயிங்கோட சில சமயம் பேட்டன்ட் பேப்பரும் ஒட்டிக்கிட்டு வரும், அத படிச்சு படிச்சு பழகிப்போச்சு, அவ்வளவுதான். எங்க குடியிருப்புல இருக்கிற மூணு போலிடெக்னிக் பசங்க ஒரு போட்டியில ஜெயிச்சுட்டு "அண்ணே இதுக்கு அடுத்து என்ன பண்றது"ன்னு வந்து நின்னாங்க. எந்தப் போட்டின்னு சொல்லப் போறதில்ல, நான் பாத்த மத்த போட்டிகளும் இதே மாதிரிதான் இருந்துச்சு.

பசங்க செஞ்சது ஒரு கனெக்டர். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை போற வழியெல்லாம் தண்ணீர் பந்தல் போடுவாங்கல்ல, லைட்டுக்கு ஒயர் தரையில கெடக்கும், கூட்டத்துல யாராச்சும் கால் மாட்டி இழுத்தா ஒண்ணு ஆள் விழுவாரு இல்லாட்டி லைட்டே சாஞ்சு விழும். அதுக்காக 24 வோல்ட் பேட்டரி லைட்டுக்கு காந்தத்துல ஒட்டுற மாதிரி ஒரு பிளக்கு சாக்கெட்டு. இழுத்தா எந்தப் பக்கம் இழுத்தாலும் பட்டுனு கழண்டுக்கும். கையில வாங்கிப் பாத்தப்ப எனக்கே ஆசையா இருந்துச்சு, உண்மைய சொல்லணும்ல.

பசங்க பேட்டன்ட்டுக்கு அப்ளிகேஷன் போட்டாங்க. இப்ப அத பரிசோதிக்கிற பேட்டன்ட் ஆபீஸ் எக்சாமினர் மேசைக்கு வருவோம், ஏன்னா உங்க மேடையில யாரும் கேக்காத கேள்விய எல்லாம் அவருதான் கேக்கறாரு. அவரு கேக்கறது ரெண்டு மூணு விஷயம்தான், இது புதுசா, புதுசாவே இருந்தாலும் இந்தத் துறையில சாதாரண திறமை இருக்கிற ஒருத்தருக்கு சட்டுனு தோணாத படி இருக்கா, தொழிலுக்கு ஆகுமா. நம்ம 1983 பேட்டன்ட் சட்டத்துல புதுசுங்கிறதுக்கு எல்லை மலேசியா இல்ல, உலகம் பூரா. எழுதி வெளியிட்டது மட்டும் கணக்கு இல்ல, வாயால சொன்னது, பாவிச்சு காட்டுனது எல்லாமே கணக்குல வரும்.

அந்தக் கேள்விக்கு முன்னாடி கனெக்டர் ஒரு பொல்லாத துறை. கழட்டி மாட்டுற பிளக்குக்கு அமெரிக்காவுல ஹார்வி ஹப்பெல் பேட்டன்ட் வாங்குனது 1904-ல. அன்னையிலேர்ந்து இன்னை வரைக்கும் உலகத்துல இருக்கிற அத்தன கம்பெனியும் பின்ன எப்படி வளைக்கிறது, லாக்க எப்படி போடுறது, தண்ணி போகாம எப்படி அடைக்கிறதுன்னு பேப்பர் எழுதி குவிச்சு வச்சிருக்காங்க. பேட்டன்ட் வகைப்பாட்டுல கனெக்டருக்குன்னே எச்01ஆர்-னு தனி வகுப்பே இருக்கு, அதுல 13-ஆம் குரூப்ப தொறந்தீங்கன்னா மூச்சு முட்டும்.

பசங்களோட முதல் கிளைம், அதாவது எங்களுக்குன்னு உரிமை கேக்கற முதல் வாசகம், இப்படி இருந்துச்சு: காந்தத்தால் ஒட்டி நிற்கும், இழுத்தால் பிரியும் மின் இணைப்பி. அவ்வளவுதான். இத எழுதறதுக்கு முன்னாடி அவங்க வீட்டு சமையக்கட்ட ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம். ஜப்பான்காரன் சுடுதண்ணி பாட்ல, எண்ணெயில பொரிக்கிற மெஷின்ல காந்த ஒயர் எப்பவோ வந்தாச்சு, யாராச்சும் ஒயர இழுத்துட்டா கொதிக்கிற பாத்திரம் கவுந்துடக் கூடாதுன்னு. அப்புறம் ஆப்பிள் 2006-ல லேப்டாப் சார்ஜருக்கு காந்தத்துல ஒட்டுற மேக்சேஃப் பிளக்க விட்டாங்க. அதுக்கு 2007 டிசம்பர் 25, கிறிஸ்மஸ் அன்னைக்கு, அமெரிக்க பேட்டன்ட் கெடச்சுது. அங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, ஆப்பிளே காந்தம் வச்சதே எங்க கண்டுபிடிப்புன்னு ஓட்ட முடியாது, காந்தத்தோட துருவத்த மாத்தி மாத்தி அடுக்கி பிளக்க எப்படித் திருப்பி வச்சாலும் ஒட்டுற மாதிரி செஞ்ச அந்த அடுக்குலதான் அவங்க சரக்கு இருந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படி ஒரு சின்ன மூலையப் புடிச்சுதான் நின்னுச்சு. நம்ம பசங்க மொத்த தோட்டத்தையும் எழுதிக் குடுன்னு கேட்டா எக்சாமினர் என்ன பண்ணுவாரு பாவம், ஒரே ஒரு பழைய பேப்பர எடுத்து வச்சாரு, முதல் கிளைம் காலி.

ரெண்டாவது கிளைம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. பேட்டரியிலேர்ந்து வர்ற டிசி கரண்ட ஓடிக்கிட்டு இருக்கறப்ப பிரிச்சா பொறி பறக்கும். வீட்டு லைன்ல வர்ற ஏசி கரண்ட் நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ்ல ஒரு செகண்டுக்கு 100 தடவ பூஜ்யத்த தொட்டுட்டுப் போகும், அதனால பொறி தானா செத்துடும், டிசிக்கு அந்தப் பேச்சே இல்ல, விட்டா பின்னு அரிச்சுப் போயிடும். அதுக்கு பசங்க ஒரு சின்ன பின்ன மத்ததவிட கட்டையா வச்சாங்க. பிளக்கு பிரிய ஆரம்பிச்சதும் அந்த கட்டப் பின்னுதான் முதல்ல விடும், விட்டதும் உள்ள இருக்கிற சர்க்யூட் கரண்ட நிறுத்திடும், பெரிய பின்னு பிரியறப்ப அதுல கரண்ட் இருக்காது. நல்ல யோசனைதான். ஆனா மின்சாரக் காருக்கு சார்ஜ் போடுற டைப் 2 பிளக்குல பைலட் பின்னு சரியா இந்த வேலையத்தான் பாக்குது, கடைசியா தொட்டு முதல்ல விடும். எக்சாமினர் காந்த பிளக்கு பேப்பரையும் கார் பிளக்கு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கனெக்டர் வேலை தெரிஞ்ச ஒருத்தன் பொறிக்கு வழி தேடுனா அடுத்த கனெக்டர்ல இருக்கிறத எடுத்து இதுல போட மாட்டானான்னு கேக்கறாரு. பசங்களுக்கு கோவம், "ரெண்டையும் யாருமே சேத்ததில்லண்ணே"ன்னு. சேத்ததில்லங்கிறது புதுசுக்கு பதில், தோணாதுங்கிறதுக்கு பதில் இல்ல. நானும் எக்சாமினர் எடத்துல இருந்தா அதையேதான் கேட்டிருப்பேன்.

மூணாவதுதான் விஷயமே. நம்ம வீட்டு மூணு பின் பிளக்குல எர்த் பின்னு நீளமா இருக்கும், அது போய் உள்ள ஓட்டைய மூடியிருக்கிற ஷட்டர, அதாவது சின்ன தடுப்ப, தள்ளுனாதான் மத்த ரெண்டு ஓட்டையும் தொறக்கும். பசங்க அப்படி பின்னால தள்ளல. பிளக்க ஒட்ட வைக்கிற அதே காந்தம் சாக்கெட்டுக்குள்ள இருக்கிற ஷட்டரையும் இழுத்து நகத்துது, பிளக்கு கழண்டதும் ஸ்பிரிங் ஷட்டர சாத்திடுது, மழைத் தண்ணி உள்ள போகாது, பிள்ளைங்க விரல் விடாது. தனி பாகம் எதுவும் இல்ல, ஒரே காந்தம் ரெண்டு வேலை. இதுக்கு நேரா எக்சாமினர் எந்தப் பேப்பரையும் காட்டல. ஸ்பிரிங் எங்க இருக்கு, காந்தத்தோட இழுவைக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன கணக்குன்னு தெளிவு மட்டும் கேட்டாரு. இங்க ஒரு கண்டம் தப்புச்சு. முதல்ல குடுத்த அப்ளிகேஷன்ல இல்லாத விஷயத்த பின்னாடி திருத்தம்னு சொல்லி நுழைக்க முடியாது. வாசகத்துல ஸ்பிரிங்கப் பத்தி அரை வரிதான் இருந்துச்சு, ஆனா மூணு பேர்ல ஒரு பையன் வரையறதுல கெட்டி, படத்துல ஸ்பிரிங்க இடம் வச்சு நீளம் போட்டு வரைஞ்சிருந்தான். அந்தப் படம் காப்பாத்துச்சு.

அப்போ பசங்க கண்டுபிடிப்பு என்னன்னா காந்த பிளக்கு இல்ல, பந்தல் லைட்டு இல்ல, அந்த ஷட்டர். இது உங்க நடுவர் யாருக்காச்சும் தெரியுமா? மார்க் ஷீட்ட நான் பாத்தேன். படைப்பாற்றலுக்கு மார்க், பேச்சுத் திறனுக்கு மார்க், சமுதாயப் பயனுக்கு மார்க், போஸ்டருக்குக் கூட மார்க். "இதுல உங்களோடது எது, ஏற்கனவே உலகத்துல இருந்தது எது"ன்னு ஒரு கட்டம் கூட இல்ல. பரிசு குடுத்தப்ப எழுதுன பாராட்டு வாசகம் என்னன்னா உலகின் முதல் காந்த பிளக்கு. அட கடவுளே.

இனிமேதான் வயித்தெரிச்சல். கண்காட்சி அன்னைக்கு கூட்டம் நல்லா பாக்கணும்னு ஏற்பாட்டாளர் ஒருத்தர் சாக்கெட்டோட மூடிய கழட்டி வைக்கச் சொல்லியிருக்காரு, கழட்டி வச்சா எது தெரியும், அந்த ஷட்டரும் ஸ்பிரிங்கும்தான் தெரியும், வந்தவங்க போனவங்க எல்லாம் கிட்ட வச்சு வீடியோ எடுத்திருக்காங்க, ஏற்பாட்டுக் குழுவே ஒண்ணு எடுத்து முகநூல்ல போட்டிருக்கு, பசங்களும் பெருமையா நின்னு ஒவ்வொருத்தருக்கும் வெளக்கம் சொல்லியிருக்காங்க. அப்ளிகேஷன் போட்டது அதுக்கு அஞ்சு மாசம் கழிச்சு.

மலேசியாவுல இதுக்கு மன்னிப்பு உண்டு. கண்டுபிடிச்சவங்களே வெளியில காட்டி, ஒரு வருஷத்துக்குள்ள அப்ளிகேஷன் போட்டுட்டா அந்தக் காட்டல கணக்குல எடுக்க மாட்டாங்க. அமெரிக்காவுலயும் ஒரு வருஷம் உண்டு, ஜப்பான் கொரியாவுலயும் வழி இருக்கு. ஐரோப்பாவுல அப்படி பொதுவான மன்னிப்பு கெடையாது. யாராச்சும் துரோகம் பண்ணி வெளியிட்டாலோ, அதிகாரபூர்வமா அங்கீகரிச்ச சர்வதேச கண்காட்சின்னாலோதான், அதுவும் ஆறு மாசம். நம்ம கல்யாண மண்டபத்துல நடக்கற போட்டி அந்த லிஸ்ட்ல வராது. சீனாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒரு சில வழிக்கு மட்டும் ஆறு மாசம். ஒரு கனெக்டர எங்க செஞ்சு தள்ளுவாங்க? சீனாவுலதான். அந்த எடத்துல பசங்களுக்கு கதவு சாத்தியாச்சு, ஒரு மூடிய கழட்டுனதுக்கு.

அதனால என் வேண்டுகோள் பெருசா ஒண்ணும் இல்ல. நடுவர்கள் பாக்கறத தனி ரூம்ல வச்சுக்கங்க, ரகசியம் காப்போம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுங்க, அது பொதுவுல காட்டுனதா ஆகாது. பொதுமக்களுக்கு கண்காட்சி வேணும்தான், ஸ்பான்சருக்கு போட்டோ வேணும்தான், எனக்கும் புரியுது, ஆனா அப்ளிகேஷன் போட்ட டீம் தொறந்து காட்டட்டும், போடாத டீம் மூடி வச்சு ஓட்டிக் காட்டட்டும். மூடி வச்சாலும் பந்தல் லைட்டு எரியும், ஒயர இழுத்தா கழலும், கைதட்டு ஒண்ணும் கொறையாது.

அப்புறம் தேடல் வேலைய மார்க்குல சேத்துடுங்க, சும்மா அஞ்சு மார்க் இல்ல, போஸ்டருக்கு குடுக்கறதவிட ரெண்டு மடங்கு. பழைய பேட்டன்ட்ட தேடற இணையதளம் எஸ்பேஸ்நெட் இலவசம், கூகுள் பேட்டன்ட்ஸ் இலவசம், போன்லயே பாக்கலாம். மூணு பழைய பேட்டன்ட்ட எடுத்து வந்து, இதுல இது இருக்கு, எங்களோடதுல கூட இது இருக்குன்னு ஒரு பக்கம் எழுதுனா போதும். அத எழுத உக்காந்திருந்தா நம்ம பசங்களே ஒரு சனிக்கிழமையில ஷட்டர்தான் நம்ம சொத்துன்னு கண்டுபிடிச்சிருப்பாங்க, முதல் கிளைம்லயே அத வச்சிருப்பாங்க.

எல்லாத்துக்கும் பேட்டன்ட்டுன்னு சொல்றதையும் கொஞ்சம் நிறுத்துங்க. நம்ம சட்டத்துலயே யூட்டிலிட்டி இன்னோவேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு புதுசா இருந்து தொழிலுக்கு ஆனா போதும், சட்டுனு தோணாததா இருக்கணும்னு இல்ல. ஒரே ஒரு கிளைம்தான் வைக்கலாம், பத்து வருஷம் கெடைக்கும், அந்தப் பொருள் பாவிப்புல இருக்குன்னு காட்டுனா மேல ரெண்டு தடவ அஞ்சஞ்சு வருஷம். மாணவங்க செய்யற பாதிப் பொருளுக்கு இதுதான் பொருத்தம்னு நான் நெனைக்கிறேன். இன்னொரு நடுவர் பசங்ககிட்ட "டிசைன் ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, மலிவு"ன்னு சொன்னாராம். டிசைன்னா வெளித் தோற்றத்துக்கு மட்டும்தான் ஐயா, வேலை செய்யறதுக்காகவே அப்படி இருக்கிற வடிவத்துக்கு அதுல எடமே இல்ல. கனெக்டர்ல பின்னும் ஓட்டையும் எல்லாம் வேலைக்காகத்தான் அப்படி இருக்கு, அழகுக்கு இல்ல.

முதல் கிளைம் போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு பசங்ககிட்ட யாரோ பயம் வேற காட்டி விட்டிருக்காங்க. அது ஒரு காலத்துல ஓரளவு உண்மைதான், 2015-ல ரோலர் ஷட்டர் கதவு பத்தின ஒரு கேஸ்ல (பசங்க ஷட்டர் இல்ல) நம்ம நாட்டு உச்ச கோர்ட்டான ஃபெடரல் கோர்ட், முதல் கிளைம் செல்லாதுன்னு ஆனா அத நம்பி எழுதுன மத்த கிளைமும் கூடவே விழும்னு சொல்லிச்சு. 2019-ல ஈப்போ மருந்து கம்பெனி ஹோவிட் சம்பந்தப்பட்ட கேஸ்ல அதே கோர்ட் அந்த நிலைய மாத்திக்கிட்டு, ஒவ்வொண்ணையும் தனியா பாக்கணும்னு சொல்லிடுச்சு. நம்ம பசங்க இருக்கறது கோர்ட்ல கூட இல்ல, எக்சாமினர் மேசையில, அங்க இன்னும் திருத்தலாம். முதல் ரெண்டையும் மூணாவதோட சேத்து ஒரே கிளைமா சுருக்கி பதில் எழுதிக்கிட்டு இருக்கோம், ஏஜென்ட் ஃபீசுக்கு பசங்களோட பரிசுப் பணம் பத்தல, மிச்சத்த நாங்க நாலு பேர் போட்டிருக்கோம்.

அடுத்த போட்டிக்கு ஃபாரம் அடிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தேடல் பக்கத்த சேக்கறதா இருந்தா சொல்லி அனுப்புங்க. மாதிரி பக்கம் ஒண்ணு கனெக்டருக்கு நான் எழுதித் தர்றேன், சனிக்கிழமை மத்தியானம் ஒர்க்‌ஷாப் லீவு, பிள்ளைங்களுக்கு எஸ்பேஸ்நெட்ல தேட சொல்லிக் குடுக்கவும் வர்றேன். சம்பளம் வேணாம், டீ போதும்.