கோடி டிகிரி இருக்கட்டும், ஒட்டு தாங்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கரு இணைவு பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் '15 கோடி டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை எந்தச் சுவர் தாங்கும் என்பதை மட்டும் தொடவே இல்லை. ராணிப்பேட்டைப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் சூளைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு முதலில் எழுந்ததே அந்தக் கேள்விதான்.

அவ்வளவு சூட்டில் உள்ள வாயுவை, அதாவது பிளாஸ்மாவை, காந்தப் புலம் சுவரில் படாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆனாலும் உலையின் அடியில் டைவர்ட்டர் என்று ஒரு பகுதி உண்டு; வெளியேறும் வெப்பமும் கழிவும் அங்கே வந்து இறங்கியே தீரும். இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் ஐட்டர் என்ற இணைவு உலையில் அது சதுர மீட்டருக்கு 10 மெகாவாட். சில நேரம் 20 வரை போகலாம். வேலூரின் மே மாத உச்சி வெயிலே சுமார் 1 கிலோவாட்தான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே பதிப்பது டங்ஸ்டன் கட்டிகள். 3,422 டிகிரியில்தான் உருகும். சரி, அப்புறம் என்ன கவலை? வெடிப்புதான். கட்டியின் நடுவே தண்ணீர் ஓடும் செம்புக் கலவைக் குழாய் போகிறது. சூடேறினால் செம்பு, டங்ஸ்டனைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விரியும். இரண்டும் சேரும் ஒட்டு என்ன பாடுபடும்! மண்ணும் அதன் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் ஒத்து விரியாவிட்டால் சாமானில் மயிரிழை வெடிப்பு ஓடுவதைச் சூளைக்காரர்கள் பார்த்திருக்கிறோம். அதுவும் பெரும்பாலும் எரியும்போது அல்ல, ஆறும்போது. சில சாமான் குடோனுக்குப் போன பிறகு வெடித்து, சூப்பர்வைசரிடம் எங்களுக்குத் திட்டு வாங்கித் தரும்.

அதனால் ஒருமுறை சுட்டுப் பார்த்தால் போதாது. காந்திநகர் அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே 200 கிலோவாட் எலெக்ட்ரான் கற்றைக் கருவி இருக்கிறது. மாதிரிக் கட்டியைச் சில நொடி சுடுவது, ஆறவிடுவது, மறுபடி சுடுவது. ஐட்டருக்குப் போகும் வகைக் கட்டிகள் இப்படி ஆயிரக்கணக்கான முறை தாங்கிக் காட்ட வேண்டும். ஒட்டு விட்டிருக்கிறதா என்று அல்ட்ராசோனிக்கிலும் பார்ப்பார்கள்.

குஜராத்தின் ஹசிராவில் செய்து ஐட்டருக்குக் கப்பலேற்றிய 3,850 டன் கிரையோஸ்டாட்டை, அதாவது உலையைச் சுற்றி நிற்கும் ராட்சத வெற்றிடக் கலத்தை, பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கட்டியைப் பற்றி எழுத ஆளில்லை. எங்கள் பக்கத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகள் வெல்டிங், பிரேசிங் எல்லாம் கற்கிறார்கள். இணைவு என்றாலே பெரிய படிப்பு என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவாவது, அடுத்த கட்டுரையில் எந்த ஒட்டு எத்தனையாவது சூட்டில் விட்டது, ஏன் விட்டது என்று எழுதுங்கள். வெட்டிப் பார்த்த கட்டியின் படமும் போட்டால் நல்லது.

ஓய்வு பெற்ற சூளைத் தொழிலாளி,
வாலாஜாபேட்டை