ஒன்பது லிட்டர் தண்ணீர்க் கணக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓய்வு பெற்ற பிறகும் உன்னை விடாமல் கிராமச் செவிலியர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்களே, அதுவும் நல்லதுதான்.

வகுப்பில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய்: "ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆளுக்கு இத்தனை பேதி போகிறதே, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கிருந்து வருகிறது?" ஜீரணத்தைப் பற்றிய பாடத்தில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். பாடநூல்கள் நொதிகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகின்றன. தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வந்து சேரும்.

கணக்கு இதுதான். வளர்ந்த ஒருவர் சாப்பாட்டிலும் பானங்களிலுமாக ஒரு நாளைக்கு உள்ளே அனுப்பும் தண்ணீர் சுமார் 2 லிட்டர். அதற்கு மேல் உடம்பே இரத்தத்திலிருந்து எடுத்துக் குடலுக்குள் ஊற்றுவது ஏறக்குறைய 7 லிட்டர். உமிழ்நீர் ஒன்றரை, இரைப்பைச் சாறு இரண்டு, பித்தநீர் அரை, கணையநீர் ஒன்றரை, சிறுகுடல் சுவரிலிருந்து இன்னும் ஒன்றரை. ஆள் பருமனையும் சாப்பாட்டையும் பொறுத்து இவை கூடும், குறையும். ஆக மொத்தம் 9 லிட்டர். நம் இரத்தத்தில் செல்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் இருக்கும் நீர்ப்பகுதி 3 லிட்டர்தான் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பார். அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தினமும் குடலுக்குக் கைமாற்றாகப் போகிறது. அன்றைக்கே திரும்பியும் வந்துவிடுகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி. சாப்பிடாவிட்டால் இந்தச் சுரப்பு குறையுமே தவிர நிற்காது. கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

வாயில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சோற்று மாவை உடைக்கும் அமைலேஸ் உமிழ்நீரிலேயே இருக்கிறது. இரைப்பைக்குப் போனதும் அது செத்துவிடும் என்று சொல்லிக்கொடுப்பது முழு உண்மையல்ல. விழுங்கிய உருண்டையின் உட்பகுதிக்கு அமிலம் போய்ச் சேரும்வரை, அரை மணி நேரம்கூட, அது வேலை செய்துகொண்டிருக்கும்.

இரைப்பைக்கு நம் ஊரில் தேவைக்கு மிஞ்சிய மரியாதை. எந்த வயிற்றுக் கோளாறையும் "கேஸ் டிரபிள்" என்று அதன் தலையில் கட்டிவிடுகிறோம். உண்மையில் அது அரைத்து வைத்துக்கொள்ளும் இடம். நிமிடத்துக்கு 3 தடவை சுருங்கி, உணவு இரண்டு மில்லிமீட்டருக்கும் பொடியான பிறகே கீழ்வாயில் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கலந்த சாப்பாடு முழுக்க இறங்க 3, 4 மணி நேரம் ஆகும். எண்ணெய் கூடினால் இன்னும் தாமதம். மதுவும் ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகளும் தவிர அங்கே உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. அமிலத்தின் பெரிய வேலைகள் இரண்டு: கிருமிகளைக் கொல்வது, புரதத்தை அறுக்கும் பெப்சினை முடுக்கிவிடுவது. அமிலம் குறைந்தவர்களை, வருடக்கணக்கில் அமிலக் குறைப்பு மாத்திரை போடுகிறவர்களையும் சேர்த்து, குடல் கிருமிகள் எளிதாகப் பிடிக்கும். காலரா கிருமிக்கு அமிலம் பரம எதிரி. வகுப்பில் இதை ஒரு வரியாவது சொல். தெருமுனைக் கடையில் கேட்டு வாங்கி ஆயுசுக்கும் விழுங்குகிற மாத்திரை அல்ல அது.

அசல் வேலை இரைப்பையைத் தாண்டிய அடுத்த ஒரு சாண் குடலில்தான் தொடங்குகிறது. அமிலக் கூழ் முன்சிறுகுடலைத் தொட்டதும் அதன் சுவர் செக்ரிடின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடும். கணையம் உடனே பைகார்பனேட் என்ற காரம் கலந்த நீரை அனுப்பி அமிலத்தை முறிக்கும். உடலியல் விஞ்ஞானிகள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் 1902-இல் லண்டனில் கண்டுபிடித்தது இதைத்தான். உலகம் அறிந்த முதல் ஹார்மோன் இதுவே. கொழுப்பும் புரதமும் வந்தால் இன்னொரு ஹார்மோன், கோலிசிஸ்டோகைனின். அது பித்தப்பையைச் சுருக்கும், கணைய நொதிகளை வரவழைக்கும். பித்தக்கல் உள்ளவருக்கு எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிப்பது இதனால்தான்: வாசலில் கல் அடைத்திருக்கப் பை சுருங்குகிறது.

இங்கே தண்ணீர் சம்பந்தமான ஒரு விதியும் சேர்ந்துகொள்கிறது. சிறுகுடலுக்குள் இருக்கும் திரவத்தில் உப்பு, சர்க்கரை போன்றவை கரைந்திருக்கும் அடர்த்தி இரத்தத்தின் அடர்த்தியோடு சமமாக வேண்டும். ஒரு டம்ளர் கெட்டிச் சர்க்கரைப் பானம் இறங்கினால், அதை நீர்க்கச் செய்யக் குடல் சுவர் வழியாக உடம்பின் தண்ணீர் உள்ளே பாயும். சர்க்கரை உறிஞ்சப்பட்டதும் தண்ணீரும் அதோடு திரும்பிவிடும். உறிஞ்சப்படாவிட்டால் தண்ணீரும் அங்கேயே நிற்கும். பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தவர் பால் குடித்தால் வயிறு பொருமிக் கழிவதும், குழந்தைகள் ஜூஸை லிட்டர் கணக்கில் குடித்தால் வயிறு இளகுவதும் இந்தக் காரணத்தால்தான். இந்த வகைப் பேதி, சாப்பிட்டதை நிறுத்தினால் நின்றுவிடும். நிற்காவிட்டால் விவகாரம் வேறு.

அந்த வேறு வகைக்கு வருகிறேன். சிறுகுடலின் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குட்டையான குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன; அவற்றின் அடியில் சிறு குழிகள். உறிஞ்சுவது மேலே, சுரப்பது கீழே குழியில். இரண்டும் ஓயாமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன, உறிஞ்சும் கை சற்று ஓங்கியிருக்கும், அவ்வளவுதான். (இந்தப் பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு என்று நாம் படித்தோம் இல்லையா? 2014-இல் ஸ்வீடனில் அளந்து பார்த்தவர்கள் ஜீரணப் பாதை முழுவதுமே 30 சதுர மீட்டர் சொச்சம்தான் என்றார்கள். வகுப்பில் திருத்திச் சொல்லிவிடு.)

காலராவில் குடல் சுவரே உரிந்து வருகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். அரிசி களைந்த தண்ணீர் போலப் போவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1959-இல் கொல்கத்தாவில் மருத்துவர் சம்புநாத் டே, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்திக் காட்டினார்; குடல் நீரால் நிரம்பியது. ஆக, கிருமி விடும் நச்சுதான் குற்றவாளி. அந்த நச்சு குழிச் செல்களில், உப்பின் ஒரு கூறான குளோரைடு வெளியேறும் கதவைத் திறந்து, மூடவிடாமல் வைத்துவிடுகிறது. குளோரைடின் பின்னே உப்பின் மறு கூறான சோடியம், அதன் பின்னே தண்ணீர். கடுமையான நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது இங்கே கணக்கிலேயே இல்லை. போவது அவருடைய இரத்தத்திலிருந்து வந்த உப்பும் நீரும். உன் செவிலியர் கேட்டதற்கு மீதிப் பதில் இது.

இதில் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ஒன்று உண்டு. நச்சு சாதாரண உப்பு உறிஞ்சும் வழியை முடக்கினாலும் இன்னொரு வழியைத் தொடுவதில்லை. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஜோடி சேர்ந்தால் மட்டும் உள்ளே விடும் வாசல் அது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்த கருத்து. வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் அப்படியே வெளியே போகும், வெறும் சர்க்கரைத் தண்ணீரில் ஈடுகட்ட உப்பு இல்லை. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் நரம்பு வழியாக ஏற்றும் திரவ பாட்டில்கள் தீரத் தொடங்கியபோது, மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலை டிரம்மில் கலந்து, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே வந்தது.

ஓ.ஆர்.எஸ். என்று பாக்கெட்டில் வரும் உப்பு-சர்க்கரைப் பொடி இதுதான். இப்போதைய உலக சுகாதார நிறுவன அளவு, ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். இந்தக் கரைசல் இரத்தத்தைவிடச் சற்று நீர்த்தது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். பாட்டில் குளிர்பானத்தில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை, உப்போ பெயருக்குத்தான். மேலே சொன்ன விதிப்படி அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும்.

நடைமுறையில் தப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டிருந்தாய். முதல் தப்பு கரைப்பதில். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது, அல்லது "இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி" என்று குத்துமதிப்பாகப் பிரிப்பது. கெட்டியானால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எழுதியிருக்கும் அளவைப் படிக்கச் சொல். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது, பால், ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது தப்பு, வாந்தி எடுத்ததும் நிறுத்திவிடுவது. பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுத்தால் பெரும்பாலும் உள்ளே நிற்கும். ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200, பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள் முடிக்க வேண்டும். பேதியை "அடைக்கும்" மாத்திரை குழந்தைகளுக்கு வேண்டாம். அது குடலின் அசைவைத்தான் நிறுத்தும், குளோரைடு கதவை மூடாது. தண்ணீர் வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். இழப்பு இழப்புதான், நம் கண்ணுக்குத் தெரியாது.

பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்ல மாற்று. மாவுச்சத்து கரைசலின் அடர்த்தியைக் கூட்டாமல், மெல்ல உடைந்து குளுக்கோஸைத் தருகிறது.

பெருங்குடலை மறந்துவிடாதே. சிறுகுடல் விட்ட ஒன்றரை லிட்டரைச் சுண்ட வைப்பது அதன் அன்றாட வேலை. நெருக்கடியில் நாளுக்கு 4, 5 லிட்டர்கூட மீட்கும். சிறுகுடல் கொஞ்சம் சொதப்பினாலும் நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தையும் ஜீரணமாகாத மாவையும் குட்டையான கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் கூடவே போகும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை வைத்தே, சிறுகுடலில் உடையாத மாவை ஓ.ஆர்.எஸ்.ஸில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பேதியின் அளவும் நாளும் குறைந்ததாக 2000-இல் வெளியிட்டார்கள். சோறு ஆறும்போது இந்த வகை மாவு கொஞ்சம் கூடுகிறது என்பதால் பழைய சோற்றுக்காரர்களுக்கு ஒரு சந்தோஷம். அதற்காகப் பேதிக்காரருக்குப் பழைய சோறு என்று யாரும் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள், கோடையில் வெளியே வைத்த சோற்றில் கிருமியும் வளரும்.

மலச்சிக்கலும் இதே கணக்கின் மறுபக்கம்தான். காலையில் சாப்பிட்டதும் பெருங்குடல் அசைந்து கூப்பிடும். அடக்கினால் தண்ணீர் மேலும் மேலும் உறிஞ்சப்பட்டுக் கெட்டியாகிவிடும். இசப்கோல் தண்ணீரைப் பிடித்துவைத்து அதை இளக்குகிறது. ஆனால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீரில்லாமல் விழுங்கினால் தொண்டைக்குக் கீழேயே உப்பி அடைத்துக்கொள்ளும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்: கண் குழி விழுந்து, குழந்தை துவண்டு கிடந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு நின்றால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் இரத்தம் தெரிந்தால். கடைசியாகச் சொன்னது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. அடுத்த வகுப்புக்கு அதைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். வகுப்புக்குப் போகும்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் நாலைந்து பாக்கெட்டும் எடுத்துப் போய், ஒவ்வொருவரையும் கையால் கரைக்க வைத்துப் பார்.

அன்புடன்,
ராமநாதன்