பஞ்சும் நெருப்பும்

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். சின்னவளுக்கு அவள் கேட்ட பாடமே கல்லூரியில் கிடைத்துவிட்டது. மழை இன்னும் இல்லை. நம்ம தமிழய்யா வீட்டை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் வேப்பமரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். பெரிய மூக்கன் துபாயிலிருந்து வந்து போனான். உன்னைக் கேட்டான், அந்த இட்லிக் கணக்கையும் கேட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாயே, “உங்க ஆளுங்களும் ஒரு காலத்துல நல்லாத்தான் யோசிச்சாங்க, கஸ்ஸாலின்னு ஒருத்தர் வந்து எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டுட்டார்” என்று. சோற்றை வைத்துக்கொண்டு சண்டை வேண்டாமென்று அன்றைக்கு விட்டுவிட்டேன். மனசு ஆறவில்லை. ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நீ. பையன்கள் சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பித்தால் எப்படிக் கோபப்படுவாய்! யாரோ செல்போனில் அனுப்பிய நாலு வரியை மட்டும் அப்படியே விழுங்கலாமா?

பதினோராம் நூற்றாண்டு இஸ்லாமிய மார்க்க அறிஞரான கஸ்ஸாலி தத்துவவாதிகளைத் தாக்கி எழுதியது உண்மை. ‘தஹாஃபுத்’ என்று அந்த நூலுக்குப் பெயர். தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனாவின் வழியில் போனவர்களுடைய 20 கருத்துகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மோதுகிறார். அவற்றில் மூன்றை மட்டும் இறைமறுப்பு என்கிறார். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது ஒன்று. இறைவன் பொதுவானவற்றைத்தான் அறிவான், தனித்தனிச் சங்கதிகளை அல்ல என்பது இன்னொன்று. மறுமையில் உடல் எழாது என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் அவர் தீர்ப்பு கடுமையானதுதான், அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அதே நூலின் முன்னுரையில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? சந்திர கிரகணம் என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வருவதால் உண்டாவது, இது கணக்குப் போட்டு நிறுவப்பட்ட விஷயம், இதை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைக்கிறவன் மார்க்கத்துக்கே கேடு செய்கிறான் என்கிறார். மார்க்கத்தை எதிர்க்கிறவனைவிட, தப்பான வழியில் அதற்குத் துணை நிற்கிறவனால்தான் அதிகத் தீங்கு என்றும் சொல்கிறார். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது, நண்பா! பூட்டுப் போடுகிற ஆள் பேசுகிற பேச்சா இது? தர்க்க சாஸ்திரத்தை மதரசாவுக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ‘முஸ்தஸ்ஃபா’ என்ற சட்டவியல் நூலின் தொடக்கத்தில், தர்க்கம் தெரியாதவனுடைய அறிவை நம்ப முடியாது என்று எழுதிவைத்தவர் அவர். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, எல்லோரும் சட்டம் படிக்கத்தான் முண்டியடிக்கிறார்கள் என்று இன்னொரு இடத்தில் நொந்துகொள்கிறார்.

இனி உனக்குப் பிடித்த பகுதி. பஞ்சை நெருப்பில் காட்டினால் எரிகிறது. எரித்தது யார்? நெருப்பு என்பாய். கஸ்ஸாலி கேட்கிறார்: நீ பார்த்தது என்ன? நெருப்புப் பட்டது, பஞ்சு எரிந்தது, இரண்டும் சேர்ந்து நடந்ததைப் பார்த்தாய். நெருப்பால்தான் எரிந்தது என்பதை எங்கே பார்த்தாய்? எரிதலைப் படைப்பவன் இறைவன், அவன் நாடினால் பட்டும் எரியாமல் இருக்கலாம் என்கிறார். இதற்கு வரக்கூடிய மறுப்பையும் அவரே எழுதுகிறார். அப்படியானால் நான் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாக மாறியிருக்கலாமே என்று ஒருவன் கேட்பான். அவர் பதில்: நடக்கக்கூடியது வேறு, நடக்கிறது வேறு. இறைவன் தன் வழக்கத்தை மாற்றுவதில்லை என்ற அறிவை நமக்குள் அவனேதான் படைத்திருக்கிறான்.

இந்தப் பக்கங்களைப் படித்த இரவு உன்னைத்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் விடியும்வரை கத்தியிருப்பாய்.

கத்துவதற்கு ஆள் கஸ்ஸாலிக்கு அடுத்த தலைமுறையிலேயே வந்தார். ஸ்பெயினின் குர்துபாவில் (கோர்டோபா) 1126இல் பிறந்த இப்னு ருஷ்து. தத்துவவாதி மட்டுமில்லை, செவில்லிலும் குர்துபாவிலும் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். காரணங்களை நீக்குகிறவன் அறிவையே நீக்குகிறான் என்று கஸ்ஸாலிக்கு வரிக்கு வரி பதில் எழுதினார். அவரை 1195இல் ஊரைவிட்டு விலக்கி நூல்களை எரித்தார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதே குர்துபாவில் 1109இல் கஸ்ஸாலியின் பெரிய நூலான ‘இஹ்யா’வைக் குவித்து எரித்தார்களே, அதை யார் சொல்கிறார்கள்? இரண்டையும் எரித்தது அதிகாரம். கஸ்ஸாலிக்குப் பிறகும் வானியலுக்கு ஈரானின் மராகாவில் 1259இல் பெரிய ஆய்வுக்கூடம் கட்டினார்கள். பாரசீகத்தில் முல்லா சத்ரா பதினேழாம் நூற்றாண்டில் உட்கார்ந்து தத்துவம் எழுதினார். பூட்டு எங்கே?

எனக்கு இந்த விவாதத்தைவிட அவருடைய வாழ்க்கைதான் பெரிதாகத் தெரிகிறது. 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரசாவில் தலைமைப் பேராசிரியர். அவர் காலத்தில் அதற்கு மேல் ஒரு பதவி இல்லை. நான்கு வருஷத்தில் உள்ளுக்குள் இடிந்துபோகிறார். பாடம் நடத்துவது இறைவனுக்காகவா, பேருக்காகவா என்று தன்னையே கேட்கிறார். வந்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் வகுப்பில் நாக்கு எழவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டார்கள். குடும்பத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துவிட்டு மீதிச் சொத்தைக் கொடுத்துவிட்டு, மக்காவுக்குப் போவதாகச் சொல்லி, சிரியாவுக்குப் போய்விட்டார். டமாஸ்கஸ் பள்ளிவாசல் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்க இருப்பாராம். இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

அந்த அலைச்சல் காலத்தில் உருவானதுதான் ‘இஹ்யா’, 40 பாகங்கள். தொழுகையில் கையை எங்கே கட்டுவது, எப்போது குனிவது என்பதெல்லாம் சட்ட நூல்களில் இருக்கிறது. உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று இவர் கேட்கிறார். உள்ளம் அங்கே இருக்க வேண்டும், ஓதுவது புரிய வேண்டும், மதிப்பு, பயபக்தி, நம்பிக்கை, கடைசியாக வெட்கம். ஆறு சொல்கிறார். நோன்பையும் அப்படித்தான் பார்க்கிறார். வயிறு நோற்பது ஒன்று, கண்ணும் நாக்கும் காதும் நோற்பது அதற்கு மேல், நெஞ்சு நோற்பது எல்லாவற்றுக்கும் மேல்.

இப்போது வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். நினைவு சுத்தமாக இருக்கிறது. தண்ணீர் பட்டால் நெஞ்சில் சளி கட்டுகிறது, தொழுகைக்கு முன் தண்ணீரில் கைகால் முகம் கழுவும் ஒளு வேண்டாமென்று மருத்துவர் சொல்லிவிட்டார். தண்ணீருக்குப் பதிலாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டில் சலித்த மண் வைத்திருக்கிறோம். பாங்கு சொன்னதும் தட்டைப் பார்ப்பார். நான் அவர் கையை மண்ணில் வைத்து எடுத்து முகத்தில் தடவுகிறேன், மறுபடி வைத்து எடுத்து இரண்டு கைகளிலும் முழங்கை வரை தடவுகிறேன். பிறகு தொழுவார். குனிகிற ருகூவுக்கு இமை பாதி இறங்கும். நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவுக்கு முழுதாக மூடும்.

அறிவு இருக்கும்வரை தொழுகை விழாது, இமையாலாவது தொழு, அதுவும் முடியாவிட்டால் நெஞ்சால் தொழு என்பது நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டப்பிரிவின் சட்டம். கஸ்ஸாலியும் ஷாஃபிஈதான். வெளியிலிருந்து பார்த்தால் படுத்த மனுஷனைக் கூட விடமாட்டீர்களா என்று தோன்றும். குடிக்கவும் திரும்பிப் படுக்கவும் வாப்பாவுக்குப் பிறர் கை வேண்டும். இது ஒன்றுதான் அவராகச் செய்வது. ஐந்து வேளையும் அதற்காகக் காத்திருக்கிறார்.

அந்த இமையை இறக்குவது யார் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். நரம்பு என்பாய் நீ. அஷ்அரி என்ற இறையியல் வழியைச் சேர்ந்த மார்க்க அறிஞர்கள், செயலைப் படைப்பவன் இறைவன், அதைத் தனதாக ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்பார்கள், ‘கஸ்பு’ என்று அதற்குப் பெயர். ஓதியபோது வெறும் சொல்லாக இருந்தது. வாப்பாவின் கட்டிலருகே எனக்கு அது நம்பும்படி இருக்கிறது. ஆனாலும் இப்னு ருஷ்து கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நெருப்புக்கென்று ஒரு தன்மை இல்லை என்றால் நெருப்பு என்று எதைச் சொல்வோம்?

நீ வா. வாப்பாவுக்கு உன் குரல் தெரியும், உன் பெயரைச் சொன்னால் கண்ணைத் திருப்புகிறார். பரீட்சைத்தாள் திருத்துகிற வேலை முடிந்ததும் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. வருவதற்கு முன்னால் அந்தப் பஞ்சு விஷயத்தில் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு பக்கமாவது எழுதி அனுப்பு, செல்போனில் வந்தது எதையும் அதில் சேர்க்காமல். வீட்டில் தங்கச்சிக்கு என் ஸலாம் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்