வெள்ளிக் கூட்டை உருக்குவதற்கு முன்

பழைய கடிகாரங்களை வாங்கி விற்பவர்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு கடையில் டப்பா நிறைய பாக்கெட் வாட்ச் மெஷின்கள், அதாவது கடிகாரத்தின் ஓடும் உள்பாகங்கள், கிடந்தன. அவற்றை மூடும் வெள்ளிக் கூடு ஒன்றுகூட இல்லை. "வெள்ளி விலை ஏறிடுச்சு சார், உருக்கியாச்சு" என்றார் கடைக்காரர். பாதிக்கு மேல் அமெரிக்காவின் வால்தம் கம்பெனி மெஷின்கள். வயிறு எரிந்தது. அதனால்தான் இந்த மடல்.

என்னிடமும் ஒரு வால்தம் இருக்கிறது. பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு நங்கூரம், ஒரு சிங்கம், பக்கத்தில் ஏ.எல்.டி. என்று மூன்று எழுத்து. நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர முத்திரை, சிங்கம் ஸ்டெர்லிங் (நூற்றுக்கு 92.5 பங்கு) வெள்ளிக்கு. அந்த மூன்று எழுத்துதான் ஆரோன் லஃப்கின் டென்னிசன்.

1812-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். கடிகார வேலை பழகி பாஸ்டனுக்குப் போனார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடிகாரத்தையும் கையால் அரம் போட்டுப் பொருத்துவார்கள். ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் உட்காராது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் துப்பாக்கி பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி செய்வதைப் பார்த்தவருக்கு, கடிகாரத்தையும் அப்படிச் செய்ய முடியும் என்று பட்டது. மயிரிழை பிசகினாலும் நின்றுபோகிற பொருளை இயந்திரங்களை வைத்துச் செய்வதாம்! 1850-ல் எட்வர்ட் ஹோவர்டு முதலியவர்களோடு சேர்ந்து பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கினார். 1854-ல் தொழிற்சாலை சார்லஸ் ஆற்றங்கரையில் இருக்கும் வால்தமுக்குப் போனது.

1857-ல் கம்பெனி நொடித்து ஏலத்துக்கு வந்தது. ராயல் ராபின்ஸ் என்பவர் ஏலத்தில் எடுத்தார். டென்னிசன் அங்கேயே மேற்பார்வையாளராக இருந்தார். சில ஆண்டுகளில் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் வால்தம் கடிகாரங்களை வாங்கிக் குவித்தார்கள், கம்பெனி செழித்தது. டென்னிசன் 1864-ல் தொடங்கிய ட்ரெமாண்ட் கம்பெனியும் நிலைக்கவில்லை.

அறுபது வயதை ஒட்டி இங்கிலாந்துக்குப் போய், பர்மிங்காமில் கடிகாரக் கூடு செய்யத் தொடங்கினார். வால்தம் மெஷின்கள் கூடு இல்லாமல் கப்பலில் வந்து இறங்கும், பலவற்றுக்கு இவருடைய கூடுதான். அவரை வெளியே அனுப்பிய தொழிற்சாலையின் மெஷினை அவர் செய்த வெள்ளிக் கூடு பொத்தி வைத்திருக்கிறது. என் கையில் இருப்பது அதுதான். 1895-ல் பர்மிங்காமிலேயே இறந்தார். தொழில் அவருக்குப் பிறகும் நீடித்து, ரோலெக்ஸ், ஒமேகா வரைக்கும் கூடு செய்து கொடுத்தது.

கூட்டைப் பிரித்து உருக்கினால் இந்தக் கதையில் பாதி போய்விடுகிறது. உங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, சரி. தராசில் வைப்பதற்கு முன் ஒரு தடவை பின்மூடியைத் திறந்து பாருங்கள். ஏ.எல்.டி. என்று இருந்தால் சொல்லி அனுப்புங்கள். வெள்ளிக்கு என்ன விலையோ அதை நான் தருகிறேன், மெஷினைப் பிரிக்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
பழைய கடிகாரங்களுக்கு இன்னும் சாவி கொடுத்துக்கொண்டிருப்பவன்