பயனர் குழுக் கூட்டத்தில் உதவிய அண்ணனுக்கு

பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியதும் வைஃபை காணாமல் போனது. வைஃபையை இயங்க வைக்கும் மென்பொருளான இயக்கியைப் (டிரைவர்) பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்த இயக்கி வேண்டும்! லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்தில் யாரிடம் கேட்பதென்று தயங்கி உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா, நீங்களே எழுந்து வந்தீர்கள். உங்கள் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து உங்கள் டேட்டாவையே கொடுத்தீர்கள். விசைப்பலகையை மட்டும் தொடவில்லை. கணினிக்குள் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ’ (lspci) கட்டளையை என்னையே தட்டச்சு செய்யச் சொல்லி, வந்த வரிகளில் வைஃபை சில்லு எதுவென்று தேட வைத்தீர்கள். ‘கூடுதல் இயக்கிகள்’ பகுதியில் உரியதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கணினி தெரிந்தவர்களில் இவ்வளவு பொறுமைசாலிகள் அபூர்வம். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் என்ற லினக்ஸில், 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல் பல கருவிகளுக்கான ஃபர்ம்வேர் (கருவி இயங்கத் தேவையான உள்மென்பொருள்) நிறுவல் கோப்பிலேயே வருவதையும் போகிற போக்கில் சொன்னீர்கள்.

உங்கள் தேநீர் இடைவேளை முழுவதும் எனக்கே போயிற்று. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். மிக்க நன்றி, அண்ணா. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், டீ என் செலவு.